கழிமுகத்தில் பொக்லைன் இறங்கும் முன்

கடலோர ஊராட்சிகளின் தலைவர்களுக்கும், தலைவர் இல்லாத இடத்தில் பொறுப்பைப் பார்க்கும் தனி அலுவலர்களுக்கும், எஸ்டிமேட் போடும் பொறியாளர்களுக்கும் வணக்கம்.

நான் உங்கள் ஆள்தான். எஸ்டிமேட் போட்டு, அளவெடுத்து, எம்-புக் என்ற அளவுப் புத்தகத்தில் பதிந்து, பில் பாஸாகும்வரை ஒப்பந்தக்காரருக்கும் மேலதிகாரிக்கும் நடுவில் அல்லாடி, அப்படியே வயதாகி ஓய்வுபெற்ற ஓவர்சியர். எந்தத் துறை, எந்த ஊர் என்பது இந்த மடலுக்குத் தேவையில்லை. கழியோரம் நிற்கும் கண்டல் மரங்களை, அலையாத்தி என்றும் சொல்வோமே, அவற்றைப் பற்றி உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். ஆனால் நான் போட்ட ஒரு எஸ்டிமேட்டைப் பற்றிச் சொல்லாமல் உங்களிடம் எதையும் கேட்க எனக்கு வாய் வராது.

பல வருடங்களுக்கு முன்னால், ஒரு கழி. மழைக்காலத்தில் ஆற்றுத் தண்ணீர் வரும், மற்ற நாளெல்லாம் கடல் ஓதம் ஏறி இறங்கும். முகத்துவாரத்தில் மணல் மூடி, கழிக்குள் சேறு ஏறி, படகு போக வர வழியில்லை என்று மீனவர்களே மனு கொடுத்திருந்தார்கள். நியாயமான மனு. ஒரு கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான நீளத்துக்குத் தூர்வார எஸ்டிமேட் தயாரித்தேன். வழக்கம்போல முதல் அயிட்டம் ஜங்கிள் கிளியரன்ஸ், இத்தனை சதுர மீட்டர். பொக்லைன் நிற்கக் கரை வேண்டும், கரையில் புதர் இருந்தால் எடுத்தாக வேண்டும். அந்தப் புதர் என்ன செடி என்று எழுத எஸ்டிமேட்டில் இடம் கிடையாது. நானும் யாரையும் கேட்கவில்லை.

இடக்கரையில் இருந்த மரங்களை வெட்டி எடுத்தோம். வலக்கரையில் ஒரு மரத்தைக்கூடத் தொடவில்லை. அதில் எனக்கு அப்போது கொஞ்சம் பெருமைகூட உண்டு. வாரிய சேற்றை மட்டும் வலக்கரை மரங்களுக்கு நடுவில் கொட்டிப் பரப்பினோம். இரண்டடி, சில இடத்தில் மூன்றடி. வேலை முடிந்தது, படகுகள் போயின, நாளிதழில் படம்கூட வந்தது.

ஆறேழு மாதத்தில் வலக்கரை மஞ்சளானது. இலை உதிர்ந்தது. அடுத்த கோடையில் அத்தனையும் குச்சியாக நின்றன. இதில் வேடிக்கை என்னவென்றால், வெட்டிய கரையில் அங்கங்கே அடிக்கட்டையிலிருந்து துளிர் வந்தது. வெட்டாத கரையில்தான் ஒன்றுமே வரவில்லை.

வேலை நடந்தபோது அளவெடுக்கப் போன ஒரு நாள், வலையைப் பிரித்துச் சிக்கெடுத்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் என்னைப் பார்த்து, "மண்ண எங்கங்கய்யா கொட்டச் சொன்னீங்க?" என்று கேட்டார். "கரையிலதான்" என்றேன். அவர் வேறொன்றும் பேசவில்லை. அவர் கேட்டது கேள்வியே இல்லை என்பது எனக்குப் புரிய ஒரு வருடம் ஆனது.

அந்த வலக்கரை மரத்தின் அடியில் போய்க் குனிந்து பார்த்திருந்தால் அன்றைக்கே புரிந்திருக்கும். அது வெண்கண்டல், கண்டலில் ஒரு வகை. அதைச் சுற்றிச் சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாகக் குச்சிகள் நீட்டிக்கொண்டு நிற்கும். ஒரு சாண் உயரம்கூட இருக்காது. ஒரே மரத்தைச் சுற்றி நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில். செருப்பில்லாமல் நடந்தால் உள்ளங்காலில் குத்தும். பார்க்கிறவர்கள் காய்ந்த களை என்றுதான் நினைப்பார்கள். அவை மரத்தின் வேர்கள், மேல்நோக்கி வளர்பவை. கழிச் சேற்றுக்குள் பிராணவாயு கிடையாது. அரை அடி தோண்டிப் பாருங்கள், கறுப்பாக, அழுகிய முட்டை வாடையோடு வரும். அந்தச் சேற்றில் நிற்கும் மரம் இந்தக் குச்சிகளின் பட்டையில் உள்ள நுண்துளைகள் வழியாகத்தான் மூச்சு விடுகிறது. நான் இரண்டடி மண்ணைக் கொட்டியபோது அத்தனை மூக்கையும் ஒரே நாளில் அடைத்துவிட்டேன்.

இன்னொன்றும் இருக்கிறது, அது பொறியாளர்களுக்கு உடனே பிடிபடும். நம் கரையில் ஓதம் ஏறி இறங்கும் உயரமே ஒரு மீட்டருக்கு உள்ளேதான். குஜராத் பக்கம்போலப் பல மீட்டர் ஏறி இறங்கும் கடல் இல்லை இது. ஆகவே இங்கே தரைமட்டத்தில் ஓரடி கூடினாலே, நேற்றுவரை தினமும் நனைந்த இடம் இனி மாதத்தில் ஓரிரு நாள்தான் நனையும். தண்ணீர் வராத இடத்தில் வெயில் உப்பை மேலே இழுக்கும், தரை வெள்ளையாகப் பூத்துவிடும். மூச்சு முட்டியதில் சாகாத மரத்தை இந்த உப்பு முடித்துவிடும். நாம் லெவல் பார்த்து வேலை செய்கிறவர்கள். பத்து சென்டிமீட்டர் பிசகினால் கால்வாயில் தண்ணீர் ஓடாது என்று நமக்குத் தெரியும். மரத்துக்கும் அதே கணக்குதான் என்று ஏனோ தோன்றுவதில்லை.

அந்த வேலையின் மிச்சக் கதையையும் சொல்லிவிடுகிறேன். வேர்ப்பிடிப்புப் போன இரண்டு கரையும் அடுத்தடுத்த இரண்டு வடகிழக்குப் பருவமழையில் கரைந்து, கொட்டிய சேறு கழிக்குள்ளேயே திரும்பி வந்தது. மீண்டும் மனு வந்தது. மீண்டும் எஸ்டிமேட் போட்டோம், முதல் அயிட்டம் அதே ஜங்கிள் கிளியரன்ஸ்தான். எடுக்க அங்கே ஒன்றும் இல்லாவிட்டாலும் அந்த வரி இருந்தது.

சரி, என் பாவம் ஒரு பக்கம் இருக்கட்டும். இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், கழிமுகங்களுக்குள் பொக்லைன் இறங்குவது அப்போதைவிட இப்போது எளிதாகியிருக்கிறது. இறங்கும்போது யாரும் "கண்டலை அழிக்கிறோம்" என்று சொல்லி இறங்குவதில்லை. பெயரெல்லாம் நல்ல பெயராகவே இருக்கிறது. தூர்வாருதல், சீமைக்கருவேலம் அகற்றுதல், கரை பலப்படுத்துதல், அழகுபடுத்துதல், படகுத்துறை, நடைபாதை, வெள்ளத் தடுப்பு. ஒவ்வொன்றும் தேவையான வேலையாகவும் இருக்கலாம். அதனால்தான் எதிர்த்துப் பேச யாரும் வருவதில்லை.

பிச்சாவரத்தையும் முத்துப்பேட்டையையும் நினைத்து "அதுதான் வனத்துறை பார்த்துக்கொள்கிறதே" என்று நீங்கள் சொல்லக்கூடும். அவை காப்புக்காடுகள். பிச்சாவரம் 2022-இல் ராம்சர் என்ற உலக ஈரநிலப் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. அங்கே பொக்லைன் சும்மா நுழைய முடியாது. நான் பேசுவது காப்புக்காட்டுக் கல்லுக்கு வெளியில் நிற்கும் கண்டலைப் பற்றி. உப்பனாற்றின் ஓரம் பத்து மரம், பக்கிங்காம் கால்வாய்க் கரையில் ஒரு வரிசை, பாலத்துக்குக் கீழே ஒரு திட்டு, கைவிட்ட இறால் பண்ணையின் வரப்பில் தானாக முளைத்த நாலு வருடக் கன்றுகள். இந்திய வன அளவைத் துறையின் 2021 அறிக்கைப்படி நாடு முழுவதும் அலையாத்திக் காடு 4,992 சதுர கி.மீ. அதில் தமிழ்நாட்டின் பங்கு 45 சதுர கி.மீ., அதாவது நூற்றில் ஒன்றுகூட இல்லை. ஆயிரம் கி.மீ.க்கு மேல் கடற்கரை வைத்திருக்கும் மாநிலத்துக்கு இவ்வளவுதான். ஆகவே இங்கே பத்து மரமும் கணக்கில் வர வேண்டும்.

ஆனால் ஊரின் நில விவரம் எழுதிய 'அ' பதிவேட்டைப் புரட்டுங்கள். அந்தப் பத்து மரம் நிற்கும் புல எண்ணுக்கு நேரே என்ன எழுதியிருக்கும்? ஆற்றுப் புறம்போக்கு, கழி, உவர் தரிசு, தீர்வை ஏற்படாதது. காகிதத்தில் அங்கே மரமே இல்லை. காகிதத்தில் இல்லாததை வெட்டியதற்கு யாரும் யாரையும் கேட்க முடியாது. நம் நிர்வாகத்தில் ஒரு பொருள் சாவதற்குப் பொக்லைன் வர வேண்டியதில்லை, பதிவேட்டில் விடுபட்டாலே போதும்.

சீமைக்கருவேலத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இன்று அதிக ஆபத்து அந்த நல்ல காரியத்தில்தான் ஒளிந்திருக்கிறது. 2017-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அந்த மரத்தை அகற்றச் சொல்லி உத்தரவுகள் போட்டபோது மாவட்டம் மாவட்டமாக இயந்திரங்கள் இறங்கியது உங்களுக்கு நினைவிருக்கும். அந்நியத் தாவரங்களை அகற்ற மாநில அரசுக்கும் இப்போது தனிக் கொள்கையே இருக்கிறது. அகற்றட்டும், எனக்கு மறுப்பில்லை. ஆனால் கடலோரத்தில் கருவேலம் எங்கே முடிகிறது, கண்டல் எங்கே தொடங்குகிறது என்று கோடு போட்டா வைத்திருக்கிறது? கரையின் மேட்டில் கருவேலம், சரிவில் உமரிச் செடி, காலடியில் கண்டல் என்று பின்னிக் கிடக்கும். இயந்திரம் ஓட்டுகிற தம்பிக்கு மணிக்கணக்கில் கூலி. மேலேயிருந்து பார்த்தால் எல்லாம் பச்சை. முள் இருந்தால் கருவேலம், இல்லாவிட்டால் நிறுத்து என்று அவருக்கு ஒருவர் சொல்லியிருந்தால் போதும். இலையைப் பறித்து நாக்கில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வெண்கண்டல் தான் குடித்த உப்பை இலை வழியாகவே வெளியே தள்ளுகிற மரம். காய்ந்த நாளில் இலைமேல் உப்புத் தூள் பூத்திருப்பது கண்ணுக்கே தெரியும். கருவேலத்துக்குக் கரிக்காத நாக்கு அதற்குக் கரிக்கும். இதைவிட எளிய பரிசோதனை எந்த ஆய்வகத்திலும் இல்லை. ஒரே எச்சரிக்கை, அதே அலையாத்திக் காட்டில் நிற்கும் தில்லை மரத்திடம் மட்டும் இந்த விளையாட்டு வேண்டாம். அதன் பால் கண்ணில் பட்டால் கண்ணைக் கெடுக்கும், தோலில் பட்டால் கொப்புளிக்கும். சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரே அந்த மரத்தால் வந்தது. ஒரு காலத்தில் அந்தக் காடு எதுவரை இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அழகுபடுத்தும் வேலைக்கும் இதுபோல ஒரு கண்ணி உண்டு. "மரத்தை வெட்டவில்லை சார், கடல் தெரிகிற மாதிரி கிளையை மட்டும் கழித்தோம்" என்பார்கள். வெண்கண்டல் கிளையைக் கழித்தால் தழைத்துவிடும். இன்னொரு கண்டல் வகையான, தாங்குவேர் விட்டு நிற்கும் சுரபுன்னையின் முதிர்ந்த கிளையைக் கழித்தால் அது திரும்பத் துளிர்க்காது. அதற்கு உறங்கும் மொட்டுகள் இருப்பதெல்லாம் இளங்கிளையில்தான். கிளையோடு மரமும் போகும். இரண்டையும் ஒரே கத்தியால் அணுகக் கூடாது.

சட்டத்துக்கு வருகிறேன். அது நம் கையில் இல்லாத ஆயுதம் ஒன்றும் இல்லை. 2011-இல் வந்த கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையும், பின்னர் வந்த 2019 அறிவிக்கையும் அலையாத்தி நிற்கும் இடத்தை உச்சப் பாதுகாப்புள்ள முதல் வகைக்குள் வைக்கின்றன. பரப்பு 1,000 சதுர மீட்டரைத் தாண்டினால் அதைச் சுற்றி 50 மீட்டர் இடமும் அதே வகைக்குள் வந்துவிடும். 1,000 சதுர மீட்டர் என்பது ஏறக்குறைய 25 சென்ட். நம் ஊர்க் கணக்கில் நாலைந்து வீட்டுமனை. அவ்வளவு சின்னத் திட்டுக்கும் சட்டம் வேலி போட்டிருக்கிறது. சங்கப் பாடல்களில் நெய்தல் நில ஊருக்குக் 'கண்டல் வேலி' என்று அடைமொழி வரும். ஊருக்கு வேலியாக நின்ற மரத்துக்கு இப்போது நாம் வேலி போட வேண்டியிருக்கிறது.

2018 செப்டம்பரில் மும்பை உயர் நீதிமன்றம் ஒரு படி மேலே போய், அலையாத்தியை அழிப்பது அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையையே பாதிக்கும் என்று தீர்ப்பளித்தது. நிலம் யாருடையது என்பதுகூட அங்கே பொருட்டில்லை, பட்டா நிலத்தில் நின்றாலும் அது அலையாத்திதான். 1996 டிசம்பரில் இறால் பண்ணைகளுக்கு எதிராக உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு நம் மண்ணிலிருந்தே போன வழக்கு. காந்தியவாதி எஸ். ஜெகந்நாதன் தஞ்சைக் கடலோரத்து உழவர்களோடும் மீனவர்களோடும் நின்று தொடுத்தது அது. ஆக, நீதிமன்றம் சொல்லவில்லை, சட்டம் தெளிவாக இல்லை என்ற பேச்சுக்கே இடமில்லை. முன்பு சொன்ன கடற்கரை மண்டல அறிவிக்கைகளின்படியே ஒவ்வொரு கடலோர மாவட்டத்திலும் ஆட்சியர் தலைமையில் ஒரு குழு இருக்க வேண்டும், அதில் மீனவர் உள்ளிட்ட கடலோரச் சமூகத்தார் மூன்று பேராவது இருக்க வேண்டும். உங்கள் மாவட்டத்தில் அந்த மூன்று பேர் யார் என்று எனக்கு வேண்டாம், நீங்கள் தெரிந்து வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள்.

இவ்வளவு சொன்னதும் கூட்டத்தில் யாராவது ஒருவர் எழுந்து, "வெட்டினால் என்ன, மூன்று மடங்கு நட்டுவிடலாமே" என்பார். விதிவிலக்காக அனுமதி கிடைக்கும் சில பணிகளுக்கு மூன்று மடங்கு நட வேண்டும் என்று விதி இருப்பது உண்மைதான். ஆனால் அது தண்டனை, மாற்று வழி இல்லை. நடுவதன் லட்சணத்தை இலங்கையில் பார்த்தார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு அங்கே கண்டல் நட்ட 23 இடங்களைப் பின்னாளில் ஆய்வு செய்தபோது, 9 இடங்களில் ஒரு செடிகூட உயிரோடு இல்லை. நட்டவர்கள் சோம்பேறிகள் இல்லை. தவறான மட்டத்தில், தவறான சாதிக் கன்றை, தண்ணீர் வந்து போகிற கணக்குப் பார்க்காமல் நட்டார்கள். தானாக முளைக்காத இடத்தில் நாம் நட்டால் மட்டும் முளைத்துவிடும் என்று நினைப்பதே ஒரு திமிர்தான். அது போதாதென்று, காலியாகக் கிடக்கிறதே என்று நாம் நடத் தேர்ந்தெடுக்கும் சேற்றுவெளி பெரும்பாலும் காலியாகவே இருக்காது. குளிர்காலத்தில் வடதுருவப் பக்கத்திலிருந்து வரும் உள்ளான் கூட்டம் இரை பொறுக்குவது அந்த மொட்டைச் சேற்றில்தான். அங்கே கன்று நட்டால் ஒரு பறவையின் சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு, கன்றையும் சாகக் கொடுத்த மாதிரி.

நம்மிடமே பெரிய பாடம் ஒன்று இருக்கிறது. பிச்சாவரமும் முத்துப்பேட்டையும் ஏன் சிதைந்தன தெரியுமா? வெள்ளைக்காரர் காலத்திலிருந்து 1970-கள்வரை அங்கே கூப்பு முறையில் மரம் வெட்டினார்கள். ஒரு பகுதியை மொத்தமாக மொட்டையடிப்பது, மீண்டும் வளரட்டும் என்று சில பத்தாண்டு விடுவது. காகிதத்தில் பார்த்தால் ஒழுங்கான திட்டம். ஆனால் நிழல் போன தரையில் வெயில் நேரடியாக விழுந்து, ஈரம் வற்றி, மண் அமுங்கி, நடுப்பகுதி தொட்டிபோலக் குழிந்துவிட்டது. ஏறிய ஓதம் வெளியே போக வழியில்லாமல் தேங்கியது. தேங்கியது காய்ந்து உப்பானது. அப்புறம் எத்தனை பத்தாண்டு விட்டும் மரம் வரவில்லை. 1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்மக்களும் சேர்ந்து செய்த முதல் வேலை கன்று நடுவது இல்லை, வாய்க்கால் வெட்டுவது. நடுவில் ஒரு பெரிய வாய்க்கால், இரண்டு பக்கமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்கள், மேலிருந்து பார்த்தால் மீன்முள் மாதிரி. ஓதம் உள்ளே வந்து வெளியே போகத் தொடங்கியதும் உப்பு இறங்கியது, அதன் பிறகுதான் நட்டார்கள், பிடித்தது. லெவலும் சரிவும் தெரிந்தவர்கள் காட்டைப் பிழைக்க வைத்த கதை இது. நம் தொழிலுக்குப் பெருமை சேர்க்கிற ஒரு வேலையை நாம் யாரும் பேசுவதே இல்லை என்பது எனக்கு ஆதங்கம்.

வனவிலங்கு என்றவுடன் யானை, புலி என்று போய்விடுகிறோம். வற்றிய கழியோரம் பத்து நிமிடம் அசையாமல் நின்று பாருங்கள். முதலில் ஒன்றும் இருக்காது, சேறும் துளைகளும்தான். இரண்டாவது நிமிடம் ஒரு துளையிலிருந்து கண் எட்டிப் பார்க்கும். அப்புறம் ஒன்று, அப்புறம் ஐம்பது. ஒரு கை மட்டும் உடம்பு அளவுக்குப் பெருத்த ஆண் நண்டுகள், அந்தக் கையைத் தூக்கித் தூக்கி இறக்கி யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருக்கும். இரண்டு துடுப்பை ஊன்றித் தரையில் தவழும் மீன், வேரில் ஏறி உட்கார்ந்து உங்களையே முறைக்கும். நீங்கள் கையை அசைத்தால் அத்தனையும் ஒரே நொடியில் மறைந்து வெறும் சேறாகிவிடும். அந்த நண்டுகள் தோண்டும் துளை வழியாகத்தான் சேற்றுக்குள் காற்றும் நீரும் போகின்றன. வேறு வகை நண்டுகள் இழுத்துப் போகும் இலைதான் மக்கி மீன்குஞ்சுகளுக்குத் தீனியாகிறது. கொடுவா, மடவை, இறால், சேற்று நண்டு என்று ஏலக்கூடத்தில் விலை பேசும் சரக்கில் பலதும் குட்டியாக இருந்தபோது ஒளிந்து வளர்ந்தது இந்த வேர்களுக்கு இடையில். இரவில் நரி வரும், சில இடங்களில் நீர்நாய் வரும். பொழுது சாய்ந்தால் கொக்கும் நீர்க்காகமும் வந்து அடையும். வேலை உத்தரவு கொடுக்கும் முன் அந்த மரங்களில் கூடு இருக்கிறதா என்று அண்ணாந்து பார்க்கவும் ஒருவரை அனுப்புங்கள், செலவில்லாத வேலை அது.

மனிதர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பனையோலைப் பறியை வாயில் கடித்துக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் அமர்ந்து நகர்ந்து, கையாலேயே இறால் துழாவிப் பிடிக்கும் இருளர் பெண்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். படகு கிடையாது, வலை கிடையாது. அவர்களுக்குக் கடல் என்பதே இந்தக் கழிதான். கிராம சபையில் அவர்கள் பெரும்பாலும் பின்வரிசையில்கூட உட்காருவதில்லை. தூர்வார மனு கொடுத்தவர்கள் பெயர் கோப்பில் இருக்கும், தூர்வாரியதால் பிழைப்பு போனவர்கள் பெயர் எங்கேயும் இருக்காது.

இடையில் புயலைப் பற்றி ஒரு வார்த்தை. அலையாத்தி இருந்தால் சுனாமியே ஊருக்குள் வராது என்று மேடையில் சிலர் பேசுகிறார்கள். அப்படிப் பேசாதீர்கள், நம் பக்க வழக்கு பலவீனமாகிவிடும். 2004-இல் கடலூர் மாவட்டத்தில் மரங்களுக்குப் பின்னால் இருந்த ஊர்கள் குறைவாகப் பாதிக்கப்பட்டதாக ஆய்வு வந்தது. தரை உயரமும் கடலிலிருந்து இருந்த தூரமும்தான் காரணம் என்று மறுத்தவர்களும் உண்டு. புயல் விஷயத்தில் சான்று இன்னும் உறுதியானது. 1999 ஒடிசா பெரும்புயலில் கேந்திரபாடா மாவட்டத்து ஊர்களைக் கணக்கெடுத்தபோது, கடலுக்கும் தங்களுக்கும் நடுவில் அகலமான அலையாத்தி இருந்த ஊர்களில் சாவு குறைவாக இருந்தது. 2018-இல் கஜா வந்தபோது முத்துப்பேட்டைக் காடு தானே பெரிய அடி வாங்கியது. எந்த அலையையும் அப்படியே நிறுத்துகிற சுவர் இல்லை அது, வேகத்தைக் கொஞ்சம் வாங்கிக்கொள்கிற மெத்தை. கொஞ்சம் என்பதே சில சமயம் ஓர் ஊருக்குப் போதும்.

எதிர்த்தரப்பு நியாயங்களையும் நான் மறக்கவில்லை. படகுக்கு வழி வேண்டும். கொசு என்கிறார்கள், இருக்கிறதுதான், மரத்தைவிட அடைபட்ட தண்ணீர்தான் அதற்குப் பெரிய காரணம் என்றாலும். புதருக்குள் உட்கார்ந்து குடிக்கிறார்கள், பெண்கள் அந்தப் பக்கம் போக பயப்படுகிறார்கள் என்பதும் கேலி செய்யக்கூடிய புகார் இல்லை. அதற்கு விளக்கும் ரோந்தும் வேண்டும். மரத்தை எடுத்தால் குடிப்பவர்கள் அடுத்த மறைவுக்குப் போவார்கள். வீடில்லாதவர்களுக்கு மனை என்று வரும்போதுதான் எனக்கும் வாய் அடைக்கும். ஆந்திரத்தின் காக்கிநாடாவில் 2020-இல் அப்படித்தான், ஏழைகளுக்கு மனை கொடுக்க என்று அலையாத்தியை எடுத்தார்கள், பசுமைத் தீர்ப்பாயம்வரை போனது. ஓதம் ஏறுகிற இடத்தில் மண்ணடித்து அங்கே ஏழையைக் குடிவைப்பது உதவியா என்பதை, அடுத்த புயலில் அந்த வீட்டுக்குள் நின்று யோசிக்க வேண்டும்.

நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. எஸ்டிமேட்டில் கையெழுத்துப் போடும் முன், ஓதம் வற்றும் நேரம் பார்த்து, கழியை ஒரு தரம் கால்நடையாக நடந்து பாருங்கள். காரில் பாலத்தின்மேல் நின்று பார்ப்பது கணக்கில்லை. கூடவே ஒரு மீனவர், நண்டு பிடிக்கிற ஒருவர், முடிந்தால் வனக்காப்பாளர். கண்டல் நிற்கும் இடத்தில் கயிறு கட்டி, வரைபடத்தில் குறித்து, ஜங்கிள் கிளியரன்ஸ் பரப்பிலிருந்து அதைக் கழித்துவிடுங்கள். வாரும் மண் எங்கே போகிறது என்று புல எண்ணோடு எஸ்டிமேட்டிலேயே எழுதுங்கள். "கரையில் பரப்புதல்" என்ற வார்த்தையை எங்கே பார்த்தாலும் அடியுங்கள். லாரி வாடகை கூடும் என்பார்கள், கூடட்டும், இரண்டு வருடத்தில் அதே சேற்றை மறுபடி வாருவதைவிட மலிவு. பாதை போட்டால் அடியில் குழாய் வையுங்கள், அந்தக் குழாய் ஓதம் ஏறும் மட்டத்தில் இருக்கட்டும். மேட்டில் வைத்த குழாய் வைக்காததற்குச் சமம். படகு வழிக்குக் கிளை எடுத்தே ஆக வேண்டுமென்றால், அனுமதி வாங்கி, ஆளைவிட்டுக் கைக்கத்தியால் எடுங்கள். அந்த இடத்துக்கு இயந்திரம் வேண்டாம்.

முக்கியமாக, முதல் நாள் காலையில் இயந்திரம் ஓட்டுகிறவரிடம் பேசுங்கள். டீ வாங்கிக் கொடுத்துக் காட்டுங்கள், இது தொடு, இது தொடாதே என்று. ஆட்சியர் உத்தரவும் நீதிமன்றத் தீர்ப்பும் கடைசியில் அவருடைய கைப்பிடியில் வந்துதான் நிற்கின்றன. என் வேலையில் நான் அவர் பெயரைக்கூடக் கேட்கவில்லை.

பதிவேட்டு விஷயமும் உங்கள் கையில்தான் இருக்கிறது. 2002 பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும், மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு இருக்க வேண்டும். பல இடங்களில் அது யாரோ தட்டச்சு செய்து கொடுத்த பொதுப் பட்டியலாக அலமாரியில் தூங்குகிறது. அதை எடுத்து, எந்தப் புல எண்ணில் எத்தனை கண்டல், எந்த மாதம் எந்தப் பறவை, யார் அங்கே நண்டு பிடிக்கிறார்கள் என்று எழுதி, கிராம சபைத் தீர்மானமாகப் போட்டுவிடுங்கள். ஒன்றிய அரசின் 2023-24 வரவு செலவு அறிக்கையில் 'மிஷ்டி' என்று அலையாத்தி வளர்க்கவே திட்டம் வந்திருக்கிறது. புதிதாக நடப் பணம் கேட்டு விண்ணப்பிக்கும் ஊராட்சி, ஏற்கெனவே நிற்பதை எண்ணி வைத்திருந்தால் அந்த விண்ணப்பத்துக்கே ஒரு மரியாதை இருக்கும்.

நான் சொன்ன அந்தக் கழிக்குப் போன வருடம் போயிருந்தேன். வலக்கரையில் கரையாமல் மிஞ்சிய மேடு இன்னும் வெள்ளை பூத்துக் கிடக்கிறது. ஒரு இடத்தில் மட்டும் மழை அறுத்துக்கொண்டு போன ஓடை ஒன்று மேட்டைப் பிளந்திருக்கிறது. அந்த வெட்டுக்குள் ஓதம் ஏறுகிறது. அதன் இரண்டு பக்கமும் முழங்கால் உயரத்தில் கண்டல் கன்றுகள், பதினேழு எண்ணினேன். யாரும் நட்டவை இல்லை. அந்தப் பெரியவர் இப்போது இல்லை, அவருடைய மகன்தான் படகைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்தக் கழிக்கு மறுபடி தூர்வாரும் பேச்சு அடிபடுகிறது என்றார்.

எந்த ஊராட்சி என்று அங்கே பொறுப்பில் இருப்பவருக்குத் தெரியும். அந்தப் பதினேழைச் சுற்றிக் கயிறு கட்ட ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன். காலையில் ஓதம் வற்றும் நாளாகப் பார்த்துச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓர் ஓவர்சியர்